பிள்ளையின் படம் யாருடையது? - வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் பிள்ளைகளின் அந்தரங்கமும் பாதுகாப்பும் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகம் தெரியாத வெளியாரைப் பற்றிய அச்சத்தைச் சொல்பவை. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிக் கேட்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறோம்; பேசுபொருளே அந்தரங்கமாக இருக்கும்போது வேறு எப்படிச் செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. அவள் பிறந்த நாளிலிருந்து அவளுடைய படங்களை ஃபேஸ்புக்கில் பதிந்து வருகிறேன். தொலைவில் இருக்கும் உறவினர்கள் பார்த்து மகிழ்வார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. சென்ற வாரம் அவள், “என்னைக் கேட்காமல் ஏன் போட்டாய்? எல்லாவற்றையும் எடுத்துவிடு” என்று அழுதுவிட்டாள். பெற்ற தாய்க்கு இந்த உரிமைகூட இல்லையா? - ஒரு தாய்

உங்கள் மனம் புண்பட்டிருப்பது தெரிகிறது. ஆனாலும் நியாயம் மகள் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பல் விழுந்த சிரிப்பு, காய்ச்சலில் சுருண்டு படுத்த கோலம், குளியல் தொட்டி என்று நீங்கள் ஆசையோடு சேர்த்துவைத்த ஆல்பம், இப்போது அவளுடைய வகுப்புத் தோழர்கள் உங்கள் பெயரைத் தட்டினால் வந்து நிற்கும் நிலையில் இருக்கிறது. பிறர் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முளைக்கும் வயதில், தன்னைப் பற்றிய 11 ஆண்டுக் கதையை வேறொருவர் எழுதி முடித்துவிட்டார் என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிறது. அந்த அழுகையை அடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் சிக்கலை உலகமும் கவனிக்கத் தொடங்கிவிட்டது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, அதன் 16ஆவது பிரிவில், குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று ஏற்றது. டிஜிட்டல் சூழலில் அந்த உரிமைகளை எப்படிப் பொருள்கொள்வது என்று 2021இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு விளக்கியபோது, அந்தரங்கத்துக்கான ஆபத்து குடும்பத்தாரிடமிருந்தும் வரலாம் என்று குறிப்பிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாகப் பெற்றோர் படங்களைப் பகிர்வதையே சொன்னது. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இயற்றிய சட்டம், பிள்ளையின் உருவப்படத்தின் மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும், அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது.

உணர்வைத் தள்ளிவைத்துப் பாதுகாப்பை மட்டும் பார்த்தாலும் கணக்கு இதேதான். “என் செல்லத்துக்கு இன்று 11 வயது” என்ற ஒரே பதிவில் முழுப் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், வாழ்த்துச் சொன்னவர்கள் வழியாக உறவு வட்டம், சீருடையின் சின்னத்திலிருந்து பள்ளி என்று அத்தனையும் கிடைத்துவிடுகின்றன. அறிமுகமில்லாத ஒருவர் பள்ளி வாசலில் அவளைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்து, “அம்மா அனுப்பினாங்க” என்று சொல்வதற்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள், லொகேஷன் இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூடப் பதிவாகியிருக்கும். பெரிய சமூக ஊடகங்கள் அதைப் பொதுவாக நீக்கிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகின்றன. ஆனால் அதே படத்தை மின்னஞ்சலில் இணைத்தோ வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாகவோ அனுப்பினால், அந்த விவரமும் கூடவே போய்ச் சேரும். கேமராவுக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிடுவது ஒரு நிமிட வேலை.

இனி செய்ய வேண்டியது என்னவென்றால், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய படங்களை இருவருமாகப் பார்த்து வாருங்கள். எது போக வேண்டும், எது இருக்கலாம் என்பதை அவள் சொல்லட்டும், விளக்கம் கேட்காதீர்கள். ஆயிரம் படங்கள் இருந்து உடனே முடியாதென்றால், பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர்கள் மட்டும் காணும்படி ஒரே முறையில் சுருக்கும் வசதி ஃபேஸ்புக்கின் அமைப்புகளில் உண்டு, முதலில் அதைச் செய்துவிடுங்கள். உறவினர்கள் தங்கள் பக்கத்தில் பகிர்ந்துகொண்ட பிரதிகள் நீங்கள் நீக்கினாலும் போகாது. அவர்களைத் தனித்தனியே கேட்டுத்தான் எடுக்கவைக்க வேண்டும். பெரியப்பாக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல என்பதை நானும் அறிவேன். இனிமேல் ஒரு படத்தைப் பதியுமுன் “போடட்டுமா?” என்று மகளைக் கேளுங்கள். தன் படத்துக்கு அனுமதி கேட்கப்படும் என்று வீட்டில் பழகிய பிள்ளைதான், நாளை வெளியே ஒருவன் கேளாமல் எடுக்கும்போதோ அனுப்பச் சொல்லி வற்புறுத்தும்போதோ அது தவறு என்று உடனே உணரும்.

கேள்வி: மகனுக்கு 10 வயது. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் வைத்திருப்பதால் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துத் தொடங்கித் தந்தேன். இதில் பெரிய தீங்கு உண்டா? - ஒரு தந்தை

உண்டு, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் உண்டு. இந்த 13 என்ற எண், குழந்தை மனநலத்தை ஆராய்ந்து வகுத்த எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் 1998இல் அமெரிக்கா இயற்றிய குழந்தைகள் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சொந்த விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்று அது சொன்னதால், அந்த ஒப்புதலை வாங்கும் தொல்லைக்குப் பதிலாக நிறுவனங்கள் 13க்குக் கீழே கணக்கே இல்லை என்று விதி எழுதிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இந்த வயதை 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திராதபடி தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு எண் மாறினாலும், பிள்ளையின் விவரம் சரக்காகிவிடக் கூடாது என்ற கவலை இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது. அது வெறும் கற்பனைக் கவலையும் அல்ல. குழந்தைகளின் விவரங்களை விளம்பரத்துக்காகத் திரட்டிய வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019இல் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

இப்போது உங்கள் மகன் கணக்குக்கு வருவோம். 10 வயதுப் பிள்ளையை 13 என்று நீங்கள் எழுதியிருந்தால், அவன் உண்மையில் 15ஐத் தொடும்போது இயந்திரத்தின் பார்வையில் 18 நிறைந்த ஆளாகிவிடுவான். வளரிளம் வயதினருக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள், அதாவது ஒப்புதல் பெற்றவர்கள் மட்டும் காணும்படி கணக்கு தானாகவே பூட்டப்பட்டிருப்பதும், அறியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதிருப்பதும் போன்றவை, அவனுக்கு மிகவும் தேவைப்படும் அந்த வயதில் ஓசையின்றி விலகிவிடும். அவசரத்தில் 2000 என்று ஏதாவது ஓர் ஆண்டை எழுதியிருந்தால் இன்றைக்கே அந்தத் தடுப்புகள் இல்லை. ஆகவே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். பொய்யைச் சொல்லித் தந்தது அப்பாதான், அப்பாதான் அதைத் திருத்துகிறேன் என்று அவனிடம் நேராகச் சொல்லிவிட்டு மூடுங்கள்.

கேள்வி: பிரவுசரில் உள்ள ‘இன்காக்னிட்டோ’ என்ற மறைவு முறையில் பிள்ளை இணையத்தைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாதாமே? - ஓர் ஆசிரியை

அந்தக் கருவியில் பார்த்த பக்கங்களின் பட்டியல் மிஞ்சாது, அவ்வளவுதான். போய்ப் பார்த்த தளத்துக்கும், இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும், பள்ளியின் இணைப்பென்றால் பள்ளிக்கும் தெரிய வாய்ப்பிருக்கிறது; உள்ளே போய்க் கணக்கில் நுழைந்தால் பெயரோடு தெரியும்.

கேள்வி: பேத்திக்குப் பேசும் பொம்மை ஒன்று பரிசாக வந்திருக்கிறது. அவள் கேட்பதற்கெல்லாம் அது பதில் சொல்கிறது. இணைய இணைப்புக் கேட்கிறது. கொடுக்கலாமா? - ஒரு தாத்தா

ஐயா, நீங்கள் தயங்கியது நல்லது. பதில் சொல்லும் பொம்மை முதலில் கேட்க வேண்டும். கேட்டதை எங்கோ ஒரு கணினிக்கு அனுப்ப வேண்டும். அங்கே எவ்வளவு காலம் அது கிடக்கிறது, யார் எடுத்துப் பார்க்கலாம் என்பதே கேள்வி. 2017இல் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, ‘மை ஃபிரெண்ட் கெய்லா’ என்ற பேசும் பொம்மையை, மறைவாக உளவு பார்க்கும் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்தது. அதன் புளூடூத் இணைப்புக்குத் தக்க பாதுகாப்பு இல்லாததால், அருகில் இருக்கும் எவரும் தன் கைபேசியை அதனுடன் இணைத்துப் பிள்ளையின் பேச்சைக் கேட்கவும் பிள்ளையோடு பேசவும் முடிந்தது. வாங்கிய பெற்றோர்களிடம் அந்தப் பொம்மையைச் செயலிழக்கச் செய்யும்படி அரசே சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2015இல், விடெக் என்ற மின்னணுப் பொம்மை நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து சுமார் 64 லட்சம் குழந்தைகளின் விவரங்கள் திருட்டுப் போயின. பிள்ளைகளுக்கு அது பொம்மையாக இருந்தாலும் திருடனுக்கு அது ஒரு பதிவேடு.

உங்கள் பொம்மையின் பெட்டியிலோ அதன் செயலியிலோ, பதிவான குரலை நீக்கும் வழி எழுதப்பட்டிருக்கிறதா, இணைப்புக்குக் கடவுச்சொல் கேட்கிறதா, மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நானாக இருந்தால் இணைக்க மாட்டேன். இணைப்பின்றியே அது வெறும் பொம்மையாக இருந்துவிட்டால் பேத்திக்கு நட்டமில்லை, பேசுவதற்குத் தாத்தா இருக்கிறீர்கள். இணைத்தே ஆக வேண்டுமென்றால், அவளுடைய உண்மைப் பெயரும் பிறந்த தேதியும் தராமல் கணக்குத் தொடங்குங்கள். வயதை உயர்த்திக் காட்டாதவரை, இந்த ஒரு இடத்தில் புனைபெயர் குற்றமில்லை.

கேள்வி: 14 வயது மகன் கைபேசியைக் குப்புற வைக்கிறான், நான் வந்தால் திரையை மாற்றுகிறான். அவனுக்குத் தெரியாமல் செய்திகளைப் படிக்கும் செயலி ஒன்றை நிறுவலாமா? - ஒரு தாய்

குப்புற வைப்பது அந்த வயதின் இயல்பு. நம் காலத்தில் நாட்குறிப்பைத் தலையணைக்குள் வைத்தது போன்றதுதான். அதை மட்டும் வைத்து உளவுச் செயலிக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அறத்தைப் பேசுமுன் தொழில்நுட்பத்தையே பேசலாம். மறைந்திருந்து செய்தி படிக்கும் செயலியை நிறுவுவதற்குக் கைபேசியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் சிலவற்றை நாமே தளர்த்த வேண்டியிருக்கும். அது திரட்டும் அனைத்தும், உங்கள் மகன் எழுதியதும் அவனுடைய நண்பர்கள் எழுதியதும் படங்களும், யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் போய்ச் சேரும். இத்தகைய நிறுவனங்களின் சேமிப்புகளிலிருந்து விவரங்கள் கசிந்தது ஒருமுறை இருமுறை அல்ல. வெளியாரிடமிருந்து மகனைக் காக்கப் போய் வெளியாரிடமே அவனை ஒப்படைத்ததாகிவிடும்.

அடுத்தது, அவன் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்ததும் கேட்கப் போவதில்லை. வேறொரு கணக்கையோ நண்பனின் பழைய கைபேசியையோ தேடிக்கொள்வான். உண்மையில் ஆபத்து வரும் நாளில், அவன் உங்களிடம் சொல்வான் என்ற ஒரே நம்பிக்கையையும் நீங்கள் இழந்திருப்பீர்கள்.

இதற்காகக் கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைபேசியிலேயே உள்ள பெற்றோர் கட்டுப்பாடுகள், அதாவது எந்தச் செயலியை இறக்கலாம், இரவு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், பணம் செலுத்த யார் அனுமதி வேண்டும் என்பவை, அவனுக்குத் தெரிந்து, அவனோடு பேசி வைக்கப்பட வேண்டியவை. 8 வயதில் இறுக்கமாக இருந்தது 14இல் தளர்ந்தும், 17இல் பெரும்பாலும் நீங்கியும் இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. அவன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் என்று எண்ணத் தெளிவான காரணம் இருந்தால், உதாரணமாக யாரையோ தனியே சந்திக்கப் போகிறான் என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றோ தெரிந்தால், எடுத்துப் பாருங்கள். பார்த்தேன் என்றும், ஏன் பார்த்தேன் என்றும் அன்றே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 12 வயதுத் தம்பி ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஒருவரை ‘அண்ணா’ என்கிறான். அவர் அவனுக்கு விளையாட்டுக் காசு வாங்கித் தருகிறாராம். இப்போது வேறொரு செயலிக்கு வந்து பேசக் கூப்பிடுகிறார். நான் சந்தேகப்படுவது சரியா? - ஓர் அக்கா

மிகவும் சரி. பிள்ளைகளைத் தம்வசப்படுத்துபவர்கள் பின்பற்றும் வழி ஏறத்தாழ இதுவேதான். முதலில் தாராளம், பிறகு “உன்னைப் போல் பக்குவமான பையனைப் பார்த்ததில்லை” என்ற புகழ்ச்சி, அதன்பின் “இது நமக்குள் இருக்கட்டும்” என்ற இரகசியம். விளையாட்டின் உரையாடலைக் கண்காணிப்பவர்கள் இருக்கலாம் என்பதால், செய்தி தானே அழிந்துபோகும் வேறொரு செயலிக்கு அழைப்பார்கள். வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், கைபேசியை வேறு யார் பார்ப்பார்கள் என்று நடுவில் கேட்டுக்கொள்வார்கள். இவற்றுள் இரண்டு ஏற்கெனவே நடந்துவிட்டன.

தம்பியிடம் “அவன் கெட்டவன்” என்று தொடங்கினால், அவன் அந்த ‘அண்ணா’வுக்காக வாதாடுவான். நல்ல நட்புக்கு இரகசியம் தேவையில்லை என்று சொல்லி, “அடுத்த முறை பேசும்போது அக்காவும் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிப் பார்” என்று அவனையே சோதிக்க விடலாம். அந்தக் கணத்தில் பலர் காணாமல் போய்விடுவார்கள். ஏற்கெனவே படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ இந்தச் சோதனை வேண்டாம். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, கணக்கின் பெயரைக் குறித்துக்கொண்டு, விளையாட்டு நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் புகார் கொடுத்துவிட்டுப் பிறகு தடுத்துவிடுங்கள். வாங்கிய விளையாட்டுக் காசுக்கு அவன் யாருக்கும் கடன்பட்டவனல்ல என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கடனுணர்ச்சிதான் பல பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறது.

கேள்வி: எனக்கு 16 வயது. ஒரு பெண் என்று நம்பி, அனுப்பக் கூடாத என் படத்தை அனுப்பிவிட்டேன். பணம் தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். ஒருமுறை தந்துவிட்டேன். மீண்டும் கேட்கிறார்கள். வீட்டில் சொன்னால் அப்பா என் முகத்தில்கூட விழிக்க மாட்டார். - பெயர் வேண்டாம்

தம்பி, அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உனக்கு அன்றைக்கே தனியே பதில் எழுதிவிட்டோம். இதே நிலையில் வேறு யாரேனும் இதைப் படிக்கக்கூடும் என்று, உன் அடையாளம் தெரியாதபடி மாற்றி இங்கே தருகிறோம்.

நீ ஏமாற்றப்பட்டாய், குற்றம் செய்தவர்கள் அவர்கள். எதிரில் ஒரு பெண் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே நேரத்தில் பல பையன்களிடம் இதே வாக்கியங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் கூட்டமாகவே பெரும்பாலும் இருக்கும். இனி ஒரு காசும் அனுப்பாதே. நீ கண்டுவிட்டபடி, பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, இவன் கொடுப்பான் என்று தெரிந்து தொகை கூடுகிறது. பதில் எழுதாதே, கெஞ்சாதே. அவர்கள் அனுப்பிய மிரட்டல்கள், கணக்கின் பெயர், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, அதன்பின் தடு. உன் கணக்கை அவசரத்தில் அழித்துவிடாதே, சான்றும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தப் படத்தை மட்டும், சான்றுக்காகக்கூட, யாருக்கும் அனுப்பாதே.

18 வயதுக்கு முன் எடுத்த இத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமற்போன குழந்தைகளுக்காகவும் சுரண்டப்படும் குழந்தைகளுக்காகவும் அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் அதை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும், பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் உன் கைபேசியை விட்டு வெளியே போகாது. கைரேகையைப் போல அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண் உன் கருவியிலேயே உருவாகி, அந்த எண் மட்டும் மையத்துக்குச் செல்லும். அதில் சேர்ந்துள்ள பெரிய சமூக ஊடகங்கள் தங்கள் தளத்தில் அந்த எண்ணுக்குப் பொருந்தும் படம் வந்தால் கண்டு நீக்கும். எல்லாத் தளங்களும் அதில் சேரவில்லை, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டிய உரையாடல்களுக்குள் அது எட்டாது. ஆனாலும், நீ அஞ்சுகிற முக்கியமான இடங்கள் சிலவற்றை அது அடைத்துவிடும்.

அப்பாவிடம் சொல்வது கடினம் என்றால் அம்மா, சித்தி, மாமா, ஓர் ஆசிரியர் என்று யாரிடம் குரல் நடுங்காமல் பேச முடியுமோ அவரிடம் இன்றே சொல். அவர் வந்து அப்பாவிடம் பேசட்டும். புகார் கொடுக்கப் போகும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது. இரவில் தனியே இருக்கும்போது உயிரை விட்டுவிடலாம் என்பது போன்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே எழுந்து வீட்டில் யாரையாவது எழுப்பு, அல்லது குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழை. காரணத்தைக் கூடச் சொல்ல வேண்டாம், “பயமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் போதும்.

அந்தத் தம்பியின் தந்தையைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை வந்து இப்படி ஒன்றைச் சொன்னால், “ஏன் அனுப்பினாய்?” என்ற கேள்வியைக் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கேட்காதீர்கள். கைபேசியையும் பிடுங்காதீர்கள், சொன்னதற்குத் தண்டனை என்றே அது பிள்ளைக்குப் படும், சான்றும் அதற்குள்தான் இருக்கிறது. “சொன்னது நல்லது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அன்றிரவு அவன் அறைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.